செவத்தியின் முதுகு

அந்தக் காலத்தில், கொக்கும் மீனும் தவளையும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த நாளில், பூவரசங்கண்மாயில் செவத்தி என்றொரு முக்குளிப்பான் குருவி இருந்தாள். கைக்குள் அடங்குகிற உடம்பு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கழுத்து மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். தரையில் நாலடி நடக்கச் சொன்னால் குப்புற விழுவாள். ஆனால் தண்ணீருக்குள் முங்குவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இந்தக் கரையோரம் முங்குவாள், எங்கேயோ போய் எழுந்திருப்பாள், வாயில் ஒரு அயிரை மீன் துள்ளும்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் நாலு குஞ்சுகள் பிறந்தன. அதோடு நிம்மதியாக முங்குவது போயிற்று.

அவள் தலை தண்ணீருக்குள் போனதும் கூட்டில் இருக்கிற நாலும் ஒரே குரலில் அலறும். ஆத்தா கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஆத்தாவே இல்லை என்பது அவர்கள் முடிவு. இவள் பாதி மூச்சில் பதறிக்கொண்டு மேலே வருவாள். வந்ததும் நாலும் வாயை மூடிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இரை கேட்கும். கொஞ்ச நாளில் அயிரை மீன்களுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. செவத்தி வருகிறாள் என்றால் நகரக்கூட மாட்டா. எப்படியும் பாதியில் திரும்பிவிடுவாள் என்று அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

அவள் புருஷன் மூக்கன் நல்லவன்தான். நீ போய்ச் சாப்பிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கூட்டில் ஏறி உட்கார்ந்தான். குஞ்சுகள் அவன் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு முன்பைவிடப் பலமாக அழுதன. நான்தான் உங்கள் அப்பன் என்று அவன் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். எடுபடவில்லை.

அரை வயிறும் அரைத் தூக்கமுமாக இருந்தாலும் செவத்திக்கு அந்த நாட்களில் குறை ஒன்றும் இல்லை. பொழுது சாயும்போது நாலும் அவள் இறக்கைக்குள் முண்டியடித்துப் புகும். யாருடைய ஈரக் காலாவது அவள் வயிற்றில் வந்து குத்தும். அப்போது பசி எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. கடைக்குட்டி சுண்டு ஒருநாள் ஆத்தாவைப் போலவே முங்குகிறேன் என்று தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, பின்பக்கம் முழுக்க வெளியே தெரிய, தன்னை யாருமே பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றான். செவத்தி சிரித்த சிரிப்பில் கூடே ஆடியது.

எதிர் நாணலில் இருந்தது ஒரு நாமக்கோழி. நெற்றியில் வெள்ளை நாமம், ஒன்பது ஈடு குஞ்சு பொரித்தவள், கண்மாய்க்கே பெரியம்மா. பிள்ளை வளர்ப்பில் அவள் சொன்னதுதான் சட்டம். அழுதால் ஓடக் கூடாது. முக்கியமாக, குஞ்சை முதுகில் ஏற்றவே கூடாது, ஏற்றினால் அதன் கால் விளங்காது. கண்மாயில் அதை மீறியவர்கள் யாருமில்லை. சுண்டு ஒருதரம் செவத்தியின் முதுகில் தொற்றப் பார்த்தபோது, அவள், பெரியம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவனை உதறி இறக்கினாள். அன்று முழுவதும் அவளுக்கு மனசே சரியில்லை.

கோடையில் கண்மாய் வற்றும். எல்லாரும் மடையோரம் இருக்கிற வற்றாத ஆழ மடுவுக்குக் குடிபோக வேண்டும். அதற்கும் பெரியம்மாவின் முறை ஒன்று உண்டு. அப்பன்மார் முந்தின நாளே போய் இடம் பிடிக்க வேண்டும். மறுநாள் தாய் முன்னே போக, குஞ்சுகள் பின்னால் வரிசையாக நீந்தி வர வேண்டும். திரும்பிப் பார்த்தால் வரிசை குலையும் என்பதால் தாய் திரும்பவே கூடாது.

போன வருஷம் செவத்தி மூன்று குஞ்சோடு அப்படித்தான் கிளம்பினாள். மடுவுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது இரண்டுதான் இருந்தன. கண்மாய் நடுவில் ஒரு கிழட்டு விரால் மீன் உண்டு. வரிசையில் கடைசியாக வருவதை அது சத்தமில்லாமல் இழுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் நடப்பதுதான், அடுத்த ஈடு நன்றாக வரும் என்று பெரியம்மா ஆறுதல் சொன்னாள். செவத்தி அதன் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் குஞ்சுகளின் தலையை அலகால் தொட்டு எண்ணும்போது, கடைசியிலிருந்துதான் தொடங்குவாள்.

இந்த வருஷம் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிட்டது. மூக்கன் மடுவுக்குப் போன மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீரில் மிதந்த கூடு சேற்றில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கீரியின் காலடி. இனி ஒரு நாள்கூடத் தங்க முடியாது. பெரியம்மா எல்லாத் தாய்களையும் வரிசை கட்டச் சொன்னாள்.

சுண்டு கடைசியில் நின்றான். செவத்தி அவனை முன்னால் கொண்டுவந்தாள். மூன்றாவது கடைசியானான். அவனை முன்னால் விட்டாள். இரண்டாவது கடைசியானாள். மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தாள். பெரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னடி செவத்தி, கண்ணாமூச்சி ஆடிக்கிட்டு இருக்க?"

"வரிசைன்னு ஒண்ணு இருந்தா கடைசின்னு ஒருத்தன் இருக்கத்தானே செய்வான் பெரியம்மா."

"அதுக்கு என்ன பண்ண? நாங்களும் அப்படித்தான் வந்தோம்."

செவத்தி தண்ணீரோடு தண்ணீராக உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை லேசாகத் தூக்கி, "ஏறுங்க" என்றாள். பிறந்ததிலிருந்து இதற்காகவே காத்திருந்த சுண்டுதான் முதலில் ஏறினான். மற்ற மூன்றும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஏறின.

"கால் விளங்காமப் போயிரும்டி" என்றாள் பெரியம்மா.

"போனா நான் சுமந்துக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, பாரம் அவளை அழுத்தியது. கழுத்துவரை தண்ணீரில் இருந்தது. மற்றவர்கள் வரிசையாக முன்னே போய்விட, வேகமில்லாத இவள் நடுக் கண்மாயில் தனியாக மாட்டிக்கொண்டாள். அவளுக்குக் கீழே ஒரு கரிய நிழல் மெல்ல வந்து நின்றது.

"என்ன செவத்தி, இந்த வருஷம் மொத்தமாவே கொண்டாந்துட்ட போல" என்றது விரால்.

செவத்தியால் நீந்தித் தப்ப முடியாது. பறந்தால் முதுகில் இருப்பவர்கள் விழுவார்கள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. அதைக் குஞ்சுகளோடு யாரும் செய்தது கிடையாது. "மூச்சப் பிடிங்க, ஆத்தாவை விட்றாதீங்க" என்றாள். இரண்டு இறக்கையையும் பெட்டி மூடுவது போல இறுக்கி மூடினாள். முங்கினாள்.

மேலே கண்மாய் அமைதியாகிவிட்டது. அவள் முங்கினால் கேட்கும் அந்த நாலு அலறல் இல்லை. அந்த அமைதி தாங்காமல் பெரியம்மா தன் வாழ்நாளில் முதல்தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

அடியில், வருஷக்கணக்காக மூழ்கிக் கிடந்தது ஒரு கருவேல மரம். அதன் கிளைக்குக் கிளை செவத்திக்குத் தெரியும். வளைந்து, நுழைந்து, முள்ளுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனாள். பின்னால் விரட்டி வந்த விரால் கவட்டைக் கிளையில் தலையைக் கொடுத்துவிட்டு, முன்னால் போகவும் முடியாமல் பின்னால் வரவும் முடியாமல் வாலை அடித்தது. முதுகில் எட்டுக் குட்டிக் கால்கள் அவளை இறுகப் பற்றியிருந்தன. பிடி ஒன்றாவது தளர்கிறதா என்பதிலேயே அவள் நினைப்பெல்லாம் இருந்தது. தளரவில்லை.

மடுவின் நடுவில் எழுந்தாள். இறக்கையைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தாள். ஒரு தலை வந்தது. இன்னொன்று, இன்னொன்று. அப்புறம் சுண்டுவின் தலை, ஒரு பாசித் துண்டோடு. கடைசியிலிருந்து எண்ணலாம் என்றால் இதில் கடைசி எது என்றே தெரியவில்லை. எப்படி எண்ணினாலும் நாலு இருந்தது.

யாரும் அழவில்லை. சுண்டு மட்டும் கண்ணை விரித்துக் கேட்டான்.

"ஆத்தா, இம்புட்டு நாளா இங்கதான் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமாடா."

"இன்னொரு தடவ போவோம்."

செவத்திக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்து வந்ததால் அது உடைந்து, உருண்டு, கண்மாய் முழுக்கக் கலகலவென்று ஓடியது. மூக்கன் மடுவின் மறுகரையிலிருந்து என்னவோ ஏதோ என்று நீந்தி வந்தான். அன்று மாலைக்குள் அவள் எத்தனை தடவை முங்கினாள் என்று யாரும் எண்ணவில்லை. அவள் பாதியில் திரும்புவாள் என்று நம்பியிருந்த அயிரைகள் நன்றாக ஏமாந்தன. பல நாளைக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

சுண்டுவின் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்மாயிலேயே அவன்தான் பெரிய நீச்சல்காரன் ஆனான். ஆனாலும் வளர்ந்த பிறகும் ஆத்தா முதுகில் ஏறப் பார்த்து அவளைத் தண்ணீருக்குள் அமுக்குவான். குஞ்சுகள் மூக்கனின் முதுகுக்கும் சம்மதித்துவிட்டன. பெரியம்மா ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிப் பார்த்தாளாம். எல்லாம் சறுக்கி விழுந்தன. அதனால் என்ன, வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக அவளும் பழகிவிட்டாள்.

அன்று முதல்தான் முக்குளிப்பான் தன் குஞ்சுகளை வரிசையில் விடாமல் முதுகில் ஏற்றிக்கொண்டு முங்குகிறாள். முங்கி எழுந்து தலைகளை எண்ணி, எல்லாம் சரியாக இருந்ததும் கண்மாயே அதிரக் கலகலவென்று சிரிக்கிறாள்.