பாதியாய் வந்தவன்

முன்னொரு சமயம், ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியில், சுண்டுவிரல் உயரக் குப்பிக்குள் கனத்தான் என்றொரு கொழுப்பு அமிலம் சுகமாக வாழ்ந்துவந்தான். நம் ரத்தத்தில் ஓடும் சாதாரணக் கொழுப்பு அமிலமான ஒல்லியும் அவனும் அச்சு அசல் ஒரே உருவம். கனத்தானின் ஹைட்ரஜன் மட்டும் கனமான வகை. எடை போட்டால்தான் ஆள் யாரென்று தெரியும். விலை அதிகம், அதற்கேற்ற கர்வமும் உண்டு.

அவனுக்கு இருந்தது ஒரே பயம்தான். ஒல்லியை அளக்க, ரத்தத்தில் அவனைக் கலந்து, குலுக்கி, வடிகட்டுவார்கள். போகிற வழியில் பாதி தொலைந்துபோகும்.

ஒரு காலையில், பிறந்து ஆறு நாளான குழந்தையின் ரத்தம் வந்தது. குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. ரத்தத்தில் ஒல்லி அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தால், அதன் உடலால் கொழுப்பை எரிக்க முடியவில்லை என்று அர்த்தம்; அன்றே வேறு வகைப் பாலுக்கு மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து.

ஆய்வாளர் ஞானசெல்வம் சிக்கனக்காரர். ‘இவ்வளவு விலை கொடுத்து வாங்கினதைக் கழுவி ஊத்துறதா?’ என்று நினைத்து, குலுக்கல், வடிகட்டல் எல்லாம் முடிந்தபிறகு கனத்தானைச் சேர்த்தார். அவனுக்கு வாயெல்லாம் பல்.

பக்கத்தில் ஒல்லி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இப்பத்தான் வர்றீங்களா?”

“என்னை மாதிரி ஆளுங்க குலுக்கலுக்கெல்லாம் வர்றதில்லப்பா.”

“கிளம்புறப்ப நாங்க இதைப்போல ரெண்டு மடங்குண்ணே. பாதி வழியிலேயே போயிடுச்சு. எடைக்காரர்கிட்ட நீங்கதான் சாட்சி சொல்லணும்.”

கனத்தானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழியையே பார்க்காதவன் என்ன சாட்சி சொல்வான்?

எடை போடும் எந்திரம் இருவரையும் பார்த்தது. “கனத்தான் முழுசா வந்திருக்கான். அப்போ வழியில எதுவும் தொலையலை. ஒல்லி இவ்வளவுதான். குழந்தைக்கு ஒண்ணுமில்லை” என்று எழுதிவிட்டது. கனத்தான் கூனிக்குறுகிப்போனான்.

நல்லவேளை, மேலதிகாரி ஹாஜிரா திரையைப் பார்த்தார்.

“சார், நம்ம ஆளு ஒரு கீறல்கூட இல்லாம வந்திருக்கானே, எப்படி?”

“வீணாகக் கூடாதேன்னு கடைசியில சேர்த்தேன் மேடம்.”

“அவன் வீணாகணும் சார்! அதுக்குத்தானே அவனை வாங்கினோம்?”

ரத்தம் இன்னும் கொஞ்சம் மீதமிருந்தது. இந்த முறை ஹாஜிரா கனத்தானை முதலிலேயே சேர்த்தார். அவனும் ஆசையோடு குதித்தான். ஒல்லியோடு குலுங்கினான், கண்ணாடியில் ஒட்டினான், வடிகட்டியில் சிக்கினான். ஒல்லி இழந்த இடத்திலெல்லாம் அவனும் இழந்தான்.

“என்னப்பா, பாதியா வந்து நிக்கிறே?” என்றது எந்திரம்.

“ஆமாங்க. இவனும் பாதிதான். கூடவே வந்தேன், எனக்குத் தெரியும்.”

எந்திரம் ஒல்லியின் கணக்கை இரட்டிப்பாக்கியது. அளவு எகிறியது. ஹாஜிரா போனை எடுத்தார்.

“சிஸ்டர், பாலை மாத்துங்க. இப்பவே!”

மூன்றாம் நாள் வார்டிலிருந்து தகவல் வந்தது. குளிர்பெட்டியில், சீல் உடையாத பக்கத்துக் குப்பி, தன் குப்பியில் மீதமிருந்த கனத்தானைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

“ஐயோ பாவம், இப்படிக் குறைஞ்சு போயிட்டியே!”

“அதை விடு,” என்றான் கனத்தான். “குழந்தை பசிச்சு அழுதுச்சாம், கேட்டியா?”