வளைந்த ட்ரெட்மில்லும் மொச்சை முயலும்

நாவற்காட்டில் மொச்சை என்றொரு முயல் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. அந்தக் கோடையில் காட்டுக்குளம் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. இனி தண்ணீர் வேண்டுமென்றால் பொட்டல்வெளியைத் தாண்டிப் பாறைச் சுனைக்குத்தான் போக வேண்டும். பொட்டலில் ஒளிந்துகொள்ள ஒரு புல்கூடக் கிடையாது. நட்டநடுவே ஒரு கரையான் புற்று மட்டும் உண்டு. அதன் பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வேறு யார், பரட்டை நரிதான்!

முந்தாநாள் மொச்சை தப்பி வந்ததே பெரிய காரியம். வாலிலிருந்து நாலு மயிர் பரட்டையின் வாயோடு போய்விட்டது. மொச்சைக்கு ஓடத் தெரியாது என்றில்லை. பாதிப் பொட்டல்வரை பிய்த்துக்கொண்டு போகும். அதற்குமேல் மூச்சு முட்டும், கால் துவண்டுவிடும். தண்ணீர் குடிக்காவிட்டால் பால் வற்றும். பால் வற்றினால் குட்டிகளின் கதி?

"கொஞ்ச நேரமானாலும் உயிரைக் கொடுத்து ஓடிப் பழகணும்!" என்று மொச்சை முடிவு கட்டியது. எங்கே பழகுவது? காட்டுக்குள் வேரும் முள்ளும். வெளியே வந்தால் பரட்டை. நின்ற இடத்திலேயே ஓடிப் பழக ஒரு ட்ரெட்மில்தான் வழி. காட்டில் இரண்டு பேரிடம் அது இருந்தது.

முதலில் முள்ளி என்ற முள்ளம்பன்றியிடம் போனது. முள்ளி மூங்கில் சிம்புகளைக் கோத்து, அடியில் கழற்சிக்காய்களை உருளவிட்டு, தன் கையாலேயே ட்ரெட்மில் செய்து வைத்திருந்தது. அது தூளி மாதிரி நடுவில் தொய்ந்து வளைந்திருந்தது.

"இதை யாரு சுத்துவாங்க, அக்கா?"

"யாரு சுத்துவாங்களா? நல்லாக் கேட்டே போ! நீதான் சுத்தணும். நீ ஓடினா ஓடும், நின்னா நிக்கும். முன்னால ஏறி மிதிச்சா வேகம், பின்னால நகர்ந்தா மெதுவு. அதுக்கு மேல இதுக்கு ஒண்ணும் தெரியாது!"

மொச்சை ஏறிக் கால் வைத்தது. மூங்கில் சரேலென்று வழுக்கியது. முகவாய் டொக்கென்று இடித்தது! மறுபடியும் ஏறி ஓடியது. இருபது எண்ணுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

"ஐயோ அக்கா, என்ன இது, இந்தப் பாடு படுத்துது!"

"பின்னே? பொட்டல்ல பரட்டை உனக்குத் தாலாட்டா பாடப் போறான்?" என்றது முள்ளி, வாயில் கிழங்கை வைத்துக்கொண்டே.

மொச்சைக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "பேச்சைப் பாரு!" என்று முணுமுணுத்தபடி விடுவிடென்று நடையைக் கட்டியது.

அடுத்து சடையன் குரங்கின் ஆலமரத்தடி. அங்கே தட்டையான, பளபளப்பான ஒரு ட்ரெட்மில். செக்கு மாடு சுற்றுவதுபோல கரும்பன் என்ற எருமை சுற்றிச் சுற்றி வந்தது. அதைக் கட்டியிருந்த கயிறு இழுபட, ட்ரெட்மில்லின் பட்டை தானாக ஓடியது. கிளையில் ஒரு மைனா உட்கார்ந்து வேகத்தைக் கூவியது. சடையனோ தேக்கிலையால் விசிறியது.

"வா தங்கச்சி, வா! காலை மட்டும் வெச்சாப் போதும், மிச்சத்தை இது பாத்துக்கும்!"

மொச்சை ஏறியது. அடடா, என்ன சுகம்! பட்டை தானாகப் பின்னால் போனது. அது காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் போதும். "ஐம்பது!" என்றது மைனா. "நூறு!" என்றது. மொச்சைக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

பத்து நாள் இப்படியே போனது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் விடிகாலையில் இலைப் பனியை நக்கிக் காலம் தள்ளியது. பால் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பத்தாம் நாள் மைனா தொண்டை கிழியக் கத்தியது: "முந்நூறு! நாவற்காட்டிலேயே முதல் முந்நூறு!"

மொச்சைக்குத் தலைகால் புரியவில்லை. எதிரில் வந்த ஓணானிடம் சொன்னது, உடும்பிடம் சொன்னது. வேண்டுமென்றே சுற்றிப் போய் முள்ளியிடமும் சொன்னது. "முந்நூறு அக்கா, முந்நூறு!"

"அப்படியா, சரி," என்று முள்ளி கிழங்கைக் கடித்தது.

மறுநாள் மொச்சை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொட்டலில் இறங்கியது. புற்றின் பின்னாலிருந்து பரட்டை பாய்ந்தது. மொச்சை ஓடியது. ஐயோ, என்ன ஆயிற்று? பத்து நாளாக அந்தக் கால்கள் தூக்கி வைக்க மட்டுமே பழகியிருந்தன. தரையை உதைத்துத் தள்ளுவது அடியோடு மறந்துபோயிருந்தது. பொட்டல் தரையோ தானாகப் பின்னால் போகவில்லை! நாற்பது அடியிலேயே முட்டி மடங்கியது. பரட்டையின் மூச்சுக்காற்று முதுகில் சுட்டது. மொச்சை சடாரென்று திரும்பி, விழுந்தடித்துக் காட்டோர முட்புதருக்குள் புகுந்தது. இடது காதின் நுனி கிழிந்துபோயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

ரத்தம் வழிய நேரே ஆலமரத்தடிக்குப் போனது. "ஏமாத்திட்டீங்களே, பாவிகளா! முந்நூறு, முந்நூறுன்னு கத்தினீங்களே!"

சடையன் விசிறியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தது. கரும்பன்தான் அசைபோட்டபடி பேசியது. "கோவிச்சுக்காதே தங்கச்சி. அந்த முந்நூறும் ஓடினது நான்தானே! இந்தத் தொடையைப் பாரு. போன மாசம் இப்படியா இருந்துச்சு?"

மொச்சை பார்த்தது. உண்மைதான், எருமையின் தொடை கருங்கல்போல இறுகியிருந்தது. மொச்சைக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வீட்டில் குட்டிகள் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தின. இனி ரோஷம் பார்த்து என்ன ஆகப்போகிறது? மொச்சை முள்ளியின் முன்னால் போய் நின்றது.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா. அந்த வளைஞ்சதையே குடு."

முள்ளி குத்திக்காட்டவில்லை. மண்ணைத் தோண்டி ஒரு குவியல் தண்ணீர்விட்டான் கிழங்கை எடுத்துப் போட்டது. "இதைக் கடிச்சா ஈரம் கிடைக்கும், பாலும் ஊறும். எட்டு நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள நீ ஓடியாகணும்." பக்கத்தில் தான் செய்து வைத்திருந்த இன்னொரு பெரிய ட்ரெட்மில்லை மொச்சை பார்ப்பதைக் கண்டு அதட்டியது. "அது மானுக்கு! உன் காலுக்கு இந்தச் சின்ன வளைவுதான் சரி. ஏறு! இருபது எண்ணுறவரைக்கும் உயிரைக் கொடுத்து ஓடு. அப்புறம் பின்னால நகர்ந்து, நாப்பது எண்ணுறவரைக்கும் மெல்ல நட. இப்படி எட்டுத் தடவை. அதுக்கு மேல வேண்டாம்!"

முதல் நாள் மொச்சைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் கால் மரத்துப்போய் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆனாலும் எழுந்தது. ஆறாம் நாள், "இன்னும் வேகமாப் போகுமா, அக்கா?" என்று கேட்டது.

"உன்னால முடிஞ்சவரைக்கும் போகும்! இதைப் பிடிச்சு நிறுத்த யாரு இருக்கா?"

ஒன்பதாம் நாள் கிழங்கு தீர்ந்தது. மொச்சை பொட்டலில் இறங்கியது. பரட்டை சாவகாசமாகத்தான் துரத்தியது. பாதி வழியில் இது துவண்டு விழும், அப்போது கவ்விக்கொள்ளலாம் என்று அதற்கு நினைப்பு. பாதி வழி வந்தது. மொச்சைக்கு மூச்சு முட்டியது. ஆனால் கால் துவளவில்லை! தரையை ஓங்கி ஓங்கி உதைத்தது. புழுதி பறந்து பரட்டையின் கண்ணை மறைத்தது. பரட்டை தும்மி முடிப்பதற்குள் மொச்சை சுனைப் பாறையின் இடுக்குக்குள் புகுந்து, வயிறு குளிரத் தண்ணீர் குடித்தது.

பரட்டை வெளியே மூச்சிரைக்க வந்து நின்றது. "அடியே! அன்னிக்கு நாப்பது அடிக்கே மடங்கினவ நீதானே? என்னடி பண்ணினே?"

"ட்ரெட்மில்ல பழகினேன், அண்ணே!"

"எங்கே? எனக்கும் சொல்லு!"

மொச்சை பொய் சொல்லவில்லை. "காட்டுல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு வளைஞ்சது. நாமதான் சுத்தணும், நாக்குத் தள்ளிடும், கண்ணு இருட்டும். இன்னொண்ணை ஆலமரத்தடியில எருமை சுத்தும். மூச்சே வாங்காது, மைனா முந்நூறு சொல்லும், விசிறிகூட உண்டு. எது வேணும்னு நீங்களே பாத்துக்கோங்க."

"நாக்குத் தள்ள எனக்கென்ன பைத்தியமா?" என்று பரட்டை சிரித்தது. வாலைச் சுழற்றிக்கொண்டு நேரே ஆலமரத்தடிக்கு ஓடியது. அந்தக் கோடை முழுக்க மைனா அதற்கு நானூறு, ஐந்நூறு என்று கூவிக்கொண்டே இருந்தது. பரட்டையின் கால்களோ தரையை உதைப்பதையே மறந்துபோயின. மொச்சை தினமும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. குட்டிகள் மூன்றும் கொழுகொழுவென்று வளர்ந்தன.

நமக்காக அடுத்தவர் பாடுபட்டால் பலம் அடுத்தவருக்கே சேரும். ஆபத்தில் நம்மைக் காப்பாற்றுவது நாமே பட்ட பாடுதான்.