பின்னால் படுத்துப் பார்த்த வண்டி

மலைமேல் ஒரு சின்ன ஜெபவீடு. அதை நடத்துகிறவர் ரூபவதியம்மா. அவரிடம் வெகுநாளாகச் சீடனாக இருப்பவன் எஸ்ரா. ஜெபம் கற்றுக்கொள்ள வந்தவன்தான்; வந்த இடத்தில் ஜீப்பும் ஓட்டினான். அந்த ஜீப் இந்த மழையோடு ஓய்ந்துபோனது.

ஓடைக்கு மேலே இருக்கிற குடியிருப்பில் சின்னக்கிளிக்கு இது நிறைமாதம், தலைப்பிரசவம். அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உடனே ஒரு வண்டி வேண்டும். புது வண்டிக்கு வழியில்லை.

புரோக்கர் துரைக்கண்ணு இரண்டு பழைய வண்டிகளைக் கொண்டுவந்தார். பச்சை வண்டி உயரமானது, நாலு சக்கரமும் இழுக்கும். வெள்ளைக்குப் பின் சக்கரம் மட்டும்தான்.

அம்மா இரண்டின் மேலும் கைவைத்து ஜெபித்தார்.

"வாங்கப்போற வண்டிக்கு மட்டும் பண்ணினா போதாதாம்மா?" என்றார் துரைக்கண்ணு.

"மத்ததுலயும் யாராவது போவாங்கல்ல?"

எஸ்ராவுக்குப் பொறுமை இல்லை. "எதும்மா வாங்கலாம்?"

"உனக்கு எது பிடிச்சிருக்கு?"

"பச்சைதாம்மா! ஓட்டிப் பார்த்தேன். கல்லு, சேறு, ஓடை எல்லாம் அதுக்கு விளையாட்டு. டீசல் பம்ப் மட்டும் அப்பப்போ மக்கர் பண்ணுமாம். வெள்ளை சாவி போட்டா கிளம்பிடும். ஆனா ஓடையைத் தாண்டாது."

"எங்க உட்கார்ந்து பார்த்தே?"

"இதென்னம்மா கேள்வி? டிரைவர் சீட்லதான்."

அம்மா உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்துவந்தார். "சின்னக்கிளி வீடு வரைக்கும் போவோம். திரும்பும்போது துரைக்கண்ணு ஓட்டட்டும். நீ பின்னாடி படுத்துக்கோ."

பச்சை வண்டி குடியிருப்பு வாசல்வரை ஏறியது. எஸ்ரா படுத்துக்கொண்டான். இறங்கும்போதும் ஓடையைச் சுலபமாகத் தாண்டியது.

"பார்த்தீங்களாம்மா!" என்றான் போர்வைக்குள்ளிருந்து.

காட்டுக்குள் இரண்டாவது வளைவில் வண்டி நின்றது.

துரைக்கண்ணு சாவியைத் திருகினார். வண்டி இருமியது, கிளம்பவில்லை. "சின்ன விஷயம்தாம்மா, இதோ..."

எஸ்ரா எழுந்தான். "தள்ளுங்க, நான் பார்க்கிறேன்."

"படுடா," என்றார் அம்மா. "வலியில இருக்கிறவ இறங்கி வந்து பானெட்டைத் திறப்பாளா?"

படுத்தான். வண்டியின் கூரை மட்டும்தான் தெரிந்தது. வெளியே பூச்சிச் சத்தம். மறுபடி சாவி, மறுபடி இருமல்.

"என்னம்மா ஆச்சு?"

பானெட் திறக்கும் சத்தம் கேட்டது.

"ரோட்டுல யாராவது வர்றாங்களாம்மா?"

இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. எஸ்ராவுக்கு வியர்த்தது.

ஒருவழியாக வண்டி கிளம்பியது. மூவரும் அதிலேயே திரும்பவும் குடியிருப்புக்கு ஏறினார்கள். அதற்குள் துரைக்கண்ணுவின் ஆள் கொண்டுவந்து நிறுத்திய வெள்ளை வண்டி ஓடைக்குக் கீழ்க்கரையில் காத்திருந்தது.

"இப்ப வெள்ளையிலயும் படுத்துப் பாரு. ஓடையைத் தாண்டுற வரைக்கும் உன்னைத் தூக்கிட்டுத்தான் வரணும்," என்றார் அம்மா.

சின்னக்கிளியின் அண்ணன் சடையனும் இன்னும் மூன்று பேரும் மூங்கிலில் கெட்டிச் சேலையைக் கட்டித் தூளியாக்கினார்கள். அந்த ஊரில் நோயாளிகளை அப்படித்தான் இறக்குவது வழக்கம். எஸ்ரா கூச்சத்தோடு அதில் ஏறினான்.

"அண்ணே, எங்க ஊர்ல இவ்வளவு கனத்த புள்ளத்தாச்சி இருந்ததே இல்ல," என்றான் சடையன்.

"இரட்டைப் புள்ளயா இருக்கும்டா," என்றான் பின்னால் தூக்கியவன்.

வாசலில் நின்ற சின்னக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. சடையன் ஒரு பாசிக்கல்லில் சறுக்கினான். ஒரு கை சட்டென்று எஸ்ராவின் தலையைத் தாங்கியது. யாருடைய கை என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஒண்ணும் இல்லண்ணே, நாங்க இருக்கோம்," என்றது ஒரு குரல்.

கரையேறி வெள்ளை வண்டியில் படுக்கவைத்தார்கள். துரைக்கண்ணு சாவி போட்டதும் அது கிளம்பியது. எங்கேயும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா அவனைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"தூங்கிட்டேம்மா," என்றான் வெட்கத்தோடு.

"எங்கடா பயந்தே?"

கொஞ்சம் யோசித்தான். "அந்த வளைவுலம்மா."

"ஓடையில?"

"இல்ல."

இறங்கிப் போர்வையை மடித்தான். ஆனாலும் அவனுக்கு மனசு ஆறவில்லை. "இதை வாங்கினா, பாவம், அவங்கதானேம்மா ஓடை வரைக்கும் தூக்கணும்? வண்டி அங்க நின்னுடுமே?"

அம்மா போர்வையை வாங்கிக்கொண்டார்.

"தூக்க ஆளிருக்கிற இடத்துல வண்டி நின்னா நிக்கட்டும்ப்பா. ஆளே இல்லாத இடத்துல நிக்காம இருந்தா போதும்."