அளவெடுத்துத் தைத்த பை

சுயம்புலிங்கத்துக்குக் கோபம் மலையடிவாரத்திலேயே பிடித்துக்கொண்டது.

ஐம்பத்து நாலு வயதுத் தையல்காரர். மலையேற்றம் கற்றுக்கொள்ள வந்து ஒரு வருடம் ஆகிறது. கற்றுக்கொடுப்பவள் சண்முகவடிவு, அவர் மகள் வயதுக்காரி. எல்லோருக்கும் அவள் வடிவு டீச்சர். வருடத்துக்கு ஒருமுறை ஏழு நாள் மலைமுகட்டு நடைக்கு ஆறே பேரைக் கூட்டிப்போவாள். அதற்குமுன் இரண்டு நாள் நடக்கவிட்டுப் பார்ப்பாள். எப்படியாவது அந்த ஆறில் ஒருவராகிவிட வேண்டும் என்று இவர் மூன்று மாதம் உட்கார்ந்து, சொந்தமாக ஒரு முதுகுப்பை தைத்திருந்தார்.

எடையைக் குறையுங்கள் என்பது டீச்சர் ஓயாமல் சொல்வது. கடைப் பை பன்னிரண்டாயிரம் சொன்னார்கள். இவருக்குக் குடைத்துணி, நூல் எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம்கூட ஆகவில்லை. கொக்கி, வளையம், தொங்குகிற வார் எல்லாம் வெட்டிப் பாரம் என்று ஒதுக்கிவிட்டார். தன் ஒல்லித் தோளை அளந்து, வார் இரண்டையும் பையோடு சேர்த்து இறுக்கித் தைத்துவிட்டார். துணிமணி, சாப்பாடு, தார்ப்பாய் எல்லாம் திணித்தும் நாலு கிலோ தாண்டவில்லை.

அந்த இரண்டு நாள் நடை தொடங்குமுன் பையைத் தராசில் தொங்கவிட்டுக் காட்டினார். டீச்சர் வாரை இழுத்துப் பார்த்தாள்.

“இதைக் கூட்டிக் குறைக்க முடியாதா அண்ணாச்சி?”

“எனக்கு அது என்னத்துக்கு டீச்சர்? என் அளவுக்குத்தானே தைச்சிருக்கேன்.”

“சரி.”

அவ்வளவுதான். ஒரு பாராட்டு இல்லை. கூட வந்த பிரின்ஸ் என்கிற இன்ஜினீயர் பதினாலு கிலோவைச் சுமந்து மூச்சு வாங்குகிறான், அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்! இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் இறங்கும்போது பாறை வழுக்கி இவருக்குக் கால் மடங்கிவிட்டது. கணுக்கால் பணியாரம்போல உப்பியது. மேல்மலையில் மழை கறுத்துக்கொண்டிருந்தது. வெள்ளம் வருவதற்குள் கீழே ஓடையைத் தாண்டியாக வேண்டும்.

“பிரின்ஸ், நீங்க அண்ணாச்சியைத் தாங்கிக்கோங்க. அவர் பையை நான் முன்னால மாட்டிக்கிடுதேன்.”

மாட்டப் பார்த்தாள். வார் அவள் முழங்கையைத் தாண்டவில்லை. பிரின்ஸுக்கு அதுகூட ஏறவில்லை. கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அந்தச் சரிவில் இரண்டு கையும் பாறையைப் பிடிக்க வேண்டும்.

டீச்சர் கத்தியை எடுத்தாள். வார் இரண்டையும் அறுத்தாள்.

“என்ன பண்ணுதீங்க! மூணு மாசம் கண்ணைக் கெடுத்துத் தைச்சது!”

“கத்தாதீங்க. மழை வருது.”

“போட்டுட்டுப் போங்க! என் பையை நானே தூக்குவேன்!”

“எந்தக் காலால?”

அவள் குரலிலும் சூடு ஏறியிருந்தது. தன் கயிற்றை எடுத்து அறுந்த நுனிகளில் முடிந்து, பையை மார்போடு கட்டிக்கொண்டு இறங்கினாள். சுயம்புலிங்கம் பிரின்ஸின் தோளில் தொங்கியபடி வழி நெடுகத் திட்டித் தீர்த்தார். ஓடையில் தண்ணீர் தொடைவரை இழுத்தது. அக்கரை ஏறிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் செந்தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு வந்தது.

உயிர் பிழைத்ததில் அவருக்குக் கோபம் குறையவில்லை. இன்னும் கூடியது.

“எடையைக் குறைங்கன்னு சொன்னது நீங்கதானே? குறைச்சதுக்கா என் பையை அறுத்தீங்க?”

“குறைச்சதுக்கு இல்ல.”

“சுத்தி வளைக்காதீங்க டீச்சர். ஏழு நாள் நடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா?”

அவள் ஈரக் கயிற்றை முடிச்சவிழ்த்துக்கொண்டே கேட்டாள். “ஜாக்கெட் தைக்கும்போது உள்ள ரெண்டு விரல் துணி கூடுதலா விடுவீங்கல்லா, அது எதுக்கு?”

“இது என்ன கேள்வி? உடம்பு நாளைக்கு அப்படியேவா இருக்கும்? பிரிச்சு விட்டுக்கலாம்.”

“வேற?”

“அக்காளுக்குத் தைச்சதைத் தங்கச்சி எடுத்துப் போடுவா. அதுக்கும்...”

சுயம்புலிங்கம் அறுந்த வாரைப் பார்த்தார்.

டீச்சர் பையை அவர் மடியில் வைத்தாள்.

“வாரை மறுபடியும் தைச்சு எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. நான் போட்டுப் பாப்பேன். எனக்குப் பத்துச்சுன்னா, நீங்க வரலாம்.”