ஏணி எரித்து வைத்த ரசம்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ராஜாவுக்குக் கேட்க வேண்டுமா? பொன்னங்குறிச்சி மகாராஜா வீரமுத்தரசருக்கு ஒரே பிள்ளை, எட்டு வயது சேந்தன். அரண்மனைப் புளியமரத்தில் ஏறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். பிள்ளை அழவில்லை. ராஜாதான் அழுதார்.

கண்ணைத் துடைத்த கையோடு சபை விகடகவி குற்றாலநாதனைக் கூப்பிட்டார்.

“இளவரசன் ஏறி விழக்கூடிய எதுவும் பொழுது சாய்ந்த பிறகு இந்த அரண்மனையில் இருக்கக் கூடாது. அந்த மரத்தையும் சேர்த்துத்தான். நீயே நின்று செய். தவறினால் தலை போகும்!”

“அரசே, பிள்ளை என்றால் ஏறாமல்...”

“வாயை மூடு!” என்று சொல்லிவிட்டு ராஜா மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

சேந்தன் மரத்தைக் கட்டிக்கொண்டு விம்மினான். விழுந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. குற்றாலநாதனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தலையும் வேண்டுமே! கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஆட்களிடம், “மரம் கடைசியில். முதலில் மற்றதை எல்லாம் எடுங்கள்” என்றான்.

ராஜா கண் விழித்தபோது கீழேயிருந்து காடை வறுவல் வாசனை மூக்கைத் துளைத்தது. நாக்கில் எச்சில் ஊற இறங்கப் போனார். படிக்கட்டைக் காணோம்!

“குற்றாலநாதா! படி எங்கே?”

“இளவரசர் தினமும் ஏறுகிற மரப்படி அல்லவா, அரசே? உடைத்து அடுப்புக்குக் கொடுத்துவிட்டேன். காடை அதில்தான் வறுபடுகிறது.”

“ஏணி?”

“ரசம் கொதிக்கிறதே, அது ஏணியில்.”

“மடையா! நான் எப்படி இறங்குவது?”

“மாடத்தை ஒட்டிப் புளியமரம் ஒன்று இருக்கிறது. அதற்கும் நேரம் வந்துவிட்டது. டேய், போடு கோடாலியை!”

“நிறுத்து!” ராஜா அலறினார்.

வேறு வழி? வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கொம்பைப் பிடித்தார். பாதியில் மாட்டிக்கொண்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. மந்திரிமார் கீழே நின்று சாமி கும்பிட்டார்கள். சேந்தன் மட்டும் விறுவிறுவென்று மரத்தில் ஏறினான்.

“அப்பா, அந்தக் கொம்பு வேண்டாம், பட்டுப்போச்சு. இதைப் பிடிங்க. ஆட்டிப் பாத்துட்டுத்தான் காலை வைக்கணும். கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க.”

“இதெல்லாம் உனக்கு யாரடா சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்லப்பா. விழுந்தேன்ல, அதுலதான் தெரிஞ்சுது.”

ராஜா மகனை உற்றுப் பார்த்தார். புண்ணில் ரத்தம் காய்ந்திருந்தது, ஆனால் பிடி கொஞ்சமும் நடுங்கவில்லை. மகன் சொன்ன இடத்தில் காலை வைத்து, சொன்ன கொம்பைப் பிடித்து இறங்கினார்.

தரையைத் தொட்டபோது அவர் முழங்காலும் சிராய்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கோடாலிகளைத் தூரப் போடச் சொன்னார். முத்துமாலையைக் கழற்றிக் குற்றாலநாதன் கழுத்தில் போட்டார்.

“அரசே, ஆசாரிகளை வரச் சொல்லட்டுமா? தூங்கப் போவதற்குள் புதுப் படி செய்துவிடலாம்.”

ராஜா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

“என்ன அவசரம்? சாப்பிட்டுவிட்டு நான் இப்படியே ஏறிக்கொள்கிறேன்.”