மயில் பெருக்கிய தோட்டம்

ஒரு காட்டின் தெற்கு ஓரத்தில், ஓடைக்குப் பக்கத்தில், அடுத்தடுத்து இரண்டு தோட்டங்கள் இருந்தன, பிள்ளைகளே. ஒன்று சிங்காரம் என்ற ஆண்மயிலுடையது. மற்றது ஓர் ஆமையுடையது. இரண்டிலும் நடுவில் ஒரு கொய்யா மரம், சுற்றிலும் மருதாணி வேலி. மண் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

சிங்காரத்துக்குத் தன் தோட்டம் பிடிக்கும். அந்தத் தோட்டத்தை யாராவது நின்று பார்த்து மெச்சினால் அதைவிடப் பிடிக்கும். பொழுது விடிந்ததும் தோகையைத் தரையில் படரவிட்டு மரத்தடியைப் பெருக்க ஆரம்பித்துவிடும். ஒரு சருகு கிடக்கக் கூடாது. வேலியடியில் ஒரு காய்ந்த குச்சி கிடக்கக் கூடாது. பெருக்கியதையெல்லாம் வேலியில் இருந்த ஒரு சந்து வழியாக ஆமையின் பக்கம் தள்ளிவிடும். பிறகு தரையை மிதி மிதியென்று மிதித்துப் பளிங்கு போல ஆக்கிவிடும்.

அடுத்தவர் வீட்டில் குப்பை கொட்டலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். ஆனால் ஆமை சண்டைக்கு வரவில்லையே! கழுத்தை நீட்டிச் சிரித்தது.

"சிங்காரம் அண்ணே, உங்க தோட்டத்துத் தரையில சோத்தைக் கொட்டிச் சாப்பிடலாம் போலிருக்கே!" என்றது.

"ஏதோ நம்மால முடிஞ்சது" என்றது மயில். அன்று முழுக்க அதற்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த ஆமை சரியான சோம்பேறி. ஆனால் நாக்கில் மட்டும் தேன் வைத்திருந்தது. மறுவாரம் அது மறுபடியும் வேலிச் சந்தில் தலையை நுழைத்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. காட்டுமாடு ஒண்ணு உங்க வேலியோரமாச் சாணி போட்டுட்டுப் போயிருக்கு. உங்க அழகென்ன, அந்தக் கண்றாவி என்ன!"

"சீச்சீ!" என்று பதறியது சிங்காரம். உடனே அதையும் உருட்டிச் சந்து வழியாகத் தள்ளிவிட்டது. வேலியைக் கத்தரித்த துண்டுகளும், வெம்பி விழுந்த பிஞ்சுகளும் அதே வழியில் போயின. ஆமை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டுச் சொன்னது. அது சொன்ன பாராட்டில் ஒன்றுகூட வீண் போகவில்லை.

வந்ததையெல்லாம் ஆமை என்ன செய்தது? சருகு ஓர் அடுக்கு, சாணி ஓர் அடுக்கு என்று ஒரு மூலையில் குவித்தது. ஓடையில் முங்கி எழுந்து வந்து, ஈர ஓட்டோடு குவியல் மேல் படுத்துக்கொண்டது. அது தூங்கவும் ஆயிற்று, குவியல் நனையவும் ஆயிற்று. வேறு பெரிய பாடு எதுவும் அது படவில்லை.

இப்படி ஓர் ஆண்டு போயிற்று. முட்டையிடும் பருவம் வந்தது. சிங்காரத்தின் மனைவி செவ்வந்தி, இடம் பார்க்க மருதாணி வேலிக்கு வந்தது. பெண்மயில்கள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. புதருக்கடியில் தரையில்தான் முட்டையிடும். புதர் அடர்த்தியாக இருந்தால்தான் முட்டை பிழைக்கும். போன ஆண்டு அந்த வேலியடியில்தான் செவ்வந்தி நான்கு குஞ்சுகள் பொரித்தது.

இந்த முறை வேலியடியில் படுத்துப் பார்த்துவிட்டு உடனே எழுந்துவிட்டது.

"என்னங்க, இங்க படுத்தா அந்தப் பக்கம் ஓடை தெரியுது."

"நல்லதுதானே? காத்து வரும்."

"காத்து வர்ற வழியில நரியும் வரும்" என்றது செவ்வந்தி.

அப்போதுதான் சிங்காரம் தன் வேலியைச் சரியாகப் பார்த்தது. மேலே நாலு இலை, கீழே வெறும் குச்சி. கொய்யா மரத்தைப் பார்த்தது. இலையெல்லாம் மஞ்சள். பூத்த பூவில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. இத்தனை நாளும் அது தரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது, பாவம்.

செவ்வந்தி சந்து வழியாக எட்டிப் பார்த்தது. ஆமையின் வேலி அடியிலிருந்து நுனிவரை கும்மென்று மண்டிக் கிடந்தது. "நான் அங்க போறேன்" என்றது.

"என் பிள்ளைங்க அடுத்தவன் தோட்டத்துலயா பொரிக்கணும்? ஊரு சிரிக்காதா?"

"ஊரு சிரிச்சா முட்டை உடையாது. நரி வந்தா உடையும்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டது.

சிங்காரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. நேராக ஆமையிடம் போய் நின்றது.

"உன் செடிக்கு மட்டும் அப்படி என்னதான் போடுறே?"

"நீங்க தள்ளிவிட்டதைத்தான் அண்ணே."

"அப்ப அது குப்பையில்லையா? தினமும் என்னைப் பாராட்டினியே!"

"பாராட்டலேன்னா தள்ளுவீங்களா? ஒரு வாய்ச் சருகு கொண்டுவர எனக்கு அரை நாள் ஆகும். உங்களுக்கு ஒரு வீச்சு" என்றது ஆமை. அது வெட்கப்பட்டதாகவே தெரியவில்லை.

சிங்காரம் வீம்போடு திரும்பியது. அன்றைக்கே காட்டுமாடுகள் போட்ட பச்சைச் சாணியை உருட்டி வந்து, கொய்யா மரத்தின் அடியில் கழுத்தளவு அப்பிவிட்டது. ஒரே நாளில் ஓராண்டுப் பசியைத் தீர்த்துவிடலாம் என்று அதற்கு நினைப்பு. பத்து நாளில் அடிமரத்துப் பட்டை ஊறி நைந்தது. புதுத் துளிர் கருகியது.

செவ்வந்தி பக்கத்துத் தோட்டத்து வேலியடியில் முட்டைமேல் உட்கார்ந்தபடியே இதைக் கேள்விப்பட்டது. அடைகாக்கிறவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை ஏது? ஆமை செய்வதையெல்லாம் அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"என்னங்க, கழுத்துவரைக்கும் சோத்துல புதைச்சு வச்சா உங்களால சாப்பிட முடியுமா?" என்று, பார்க்க வந்த சிங்காரத்திடம் கேட்டது.

"பின்னே எப்படி?"

"ஆமை புதுக் குவியலைத் தொடுறதே இல்லை. மக்கிக் கறுத்து, மண் வாசனை அடிக்கிற பழைய குவியல்லேருந்துதான் எடுக்குது. அதையும் அடிமரத்துக்கிட்ட கொண்டுபோகாது. கிளை நுனி எங்க முடியுதோ, அதுக்கு நேர் கீழே சுத்தி வட்டமாப் பரப்பி, மேல சருகைப் போட்டு மூடுது. சாப்பிடுற வேரெல்லாம் அங்கதான் இருக்கு போல."

சிங்காரம் சாணியைக் கிளறி மரத்தை விட்டுத் தள்ளி எடுத்தது. ஒரு மூலையில் சருகோடு சேர்த்து அடுக்கி, மண் போட்டு மூடி, காத்திருக்க ஆரம்பித்தது. பெருக்குவதையும் நிறுத்தியது. கெட்டிப்பட்ட தரையைக் காலால் கிளறிப் பொலபொலப்பாக்கியது. மயிலுக்குக் கிளறவா சொல்லித்தர வேண்டும்? வேலியின் நுனிகளை அலகால் கிள்ளி, கிள்ளியதை வேலிக்கே போட்டது.

வேலை எளிதுதான். பேச்சு கேட்பதுதான் கடினமாக இருந்தது. மைனாக்கள் மரத்தடியைப் பார்த்துவிட்டு, "சிங்காரத்துக்கு உடம்புக்கு முடியலையோ?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டன. ஆமை சந்தில் தலையை நுழைத்து, "அண்ணே, கண்கொண்டு பார்க்க முடியல! உங்களுக்கா இந்த நிலைமை? ஒரே ஒரு வீச்சு வீசிவிடுங்களேன்!" என்று கெஞ்சியது.

சிங்காரத்தின் தோகை துடித்தது. உண்மையிலேயே துடித்தது. விறுவிறுவென்று கொய்யா மரத்தில் ஏறி, தரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அப்படி எத்தனையோ காலைப்பொழுதுகள் போயின. தன் குஞ்சுகளைப் பார்க்க அந்த ஆண்டு முழுக்க அது அடுத்தவர் தோட்டத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வருத்தம் அதற்குச் சின்ன வருத்தமில்லை.

மழைக்கு முன்னால் மூலைக் குவியல் மக்கிக் கறுத்தது. சிங்காரம் அதைக் கிளை நுனிக்கு நேர் கீழேயும் வேலியோரமாகவும் பரப்பிச் சருகால் மூடியது. மழை வந்தது. தண்ணீர் ஓடாமல் மண்ணுக்குள் இறங்கியது. மருதாணி அடியிலிருந்து கிளைத்துக் கிளைத்து, குப்பை தள்ளிய இடைவெளியையும் மூடிவிட்டது. அதற்குப் பிறகு ஆமையின் குரல் மட்டும் எப்போதாவது கேட்கும். ஒரு சருகுக்கு அரை நாள் நடக்கிறவர்களுக்குப் பேச நேரம் ஏது?

மறுபடியும் முட்டையிடும் பருவம் வந்தது. செவ்வந்தி நேராகச் சிங்காரத்தின் வேலிக்குள் நுழைந்தது. வெளியே வரவே இல்லை. சிங்காரம் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அதற்குள் நரி மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கமாக வந்துவிட்டது. நரி இங்கே முட்டியது, அங்கே முட்டியது. மூக்கை நுழைக்கக்கூட இடம் கிடைக்கவில்லை. தும்மிவிட்டு வந்த வழியே போனது.

"செவ்வந்தி! எங்கே இருக்கே?" என்று கேட்டது சிங்காரம்.

"உங்க காலடியிலதான்."

சிங்காரம் குனிந்து பார்த்தது. இலையும் சருகும்தான் தெரிந்தன.

"எத்தனை முட்டை?"

"அஞ்சு. சத்தம் போடாம மேல போய் உட்காருங்க" என்றது வேலி.

நீதி: பார்ப்பவர் மெச்ச வேண்டும் என்று நாம் பெருக்கி எறிவது, பல நேரம் நம் வீட்டுச் சோறாகவே இருக்கும்.