தெய்வானை முகத்தில் வள்ளி கன்னம்

குரு என்றதும் வெள்ளைத் தாடியையும் மரத்தடியையும் நினைத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கதைக்குள் வர வேண்டாம். இங்கே குருவின் பெயர் தஸ்லிமா. வயது இருபத்தேழு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள்.

சீடர்தான் வயசாளி. பெயர் பொன்னம்பலம். அறுபது வயது. முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்பில் தஸ்லிமாவுக்குக் கணக்கில் பதினெட்டு மார்க் போட்டவரும் அவரேதான். அதை இரண்டு பேருமே மறக்கவில்லை, பேசுவதும் இல்லை.

"எனக்குப் போட்டோஷாப் சொல்லித் தாம்மா" என்று ஒருநாள் வந்து நின்றார்.

"எதுக்கு சார்?"

"பொழுது போகலை. திருத்தறதுக்கு வீட்டுல ஒரு பேப்பர் கிடையாது."

சொல்லிக்கொடுத்தாள். மனுஷருக்குக் கற்பூர புத்தி. என்ன கெட்ட நேரமோ, நாலாம் நாள் குளோன் டூலைக் காட்டிவிட்டாள். ஓர் இடத்துத் தோலை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுகிற கருவி அது. மரு, தழும்பு, சுருக்கம் எதுவானாலும் இருந்த இடம் தெரியாது. பொன்னம்பலத்துக்குச் சிவப்புப் பேனா திரும்பக் கையில் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத்தான், "குருவே!" என்று கும்பிட்டார்.

"சார், குருவேன்னு கூப்பிடாதீங்க. கஸ்டமர் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும் குருவே."

கண்ணில் பட்ட படத்தையெல்லாம் திருத்தினார். எதிர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படத்தில், கன்னத்தில் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டைக் கறை என்று நினைத்து அழித்துக் கொடுத்தார். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல். அந்த அம்மா இன்றுவரை இவர் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அவருக்கு அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் பிளக்ஸ் வைக்க வேண்டும். மனைவி தெய்வானையின் படத்தைத் திறந்து, நானூறு பர்சென்ட் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நெற்றியில் பதினொரு கோடு. எண்ணி எண்ணி அழித்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், அதையும் அழித்தார். கன்னத்துக்குத்தான் ஒட்டுவதற்கு நல்ல தோல் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்ததில் கொழுந்தியாள் வள்ளியம்மையின் படம் ஒன்று பளிச்சென்று அகப்பட்டது. அவள் கன்னத்திலிருந்து எடுத்து இவள் கன்னத்தில் ஒட்டினார். அச்சாகப் பொருந்தியது. அக்கா தங்கச்சிதானே!

தானே தன் முதுகில் தட்டிக்கொள்ளாத குறையாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

முதல் பதில் வள்ளியம்மையின் வீட்டுக்காரர் மாசானமுத்துவிடமிருந்து வந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கன்னத்துக் குழி எங்க வீட்டுக்காரிது மாதிரில்லா இருக்கு?"

அடுத்த நிமிஷமே இன்னொன்று.

"தெய்வானை முகத்துல வள்ளி கன்னம். நீங்க என்ன முருகப் பெருமானா?"

குழுவில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெய்வானை சிரிக்கவில்லை. போனை வாங்கி, விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நீதான்."

"ஓகோ."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அடுக்களை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"மணையில இவளையே உக்கார வெச்சுத் தாலி கட்டிக்கோங்க. எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு."

அதற்கப்புறம் பேச்சு இல்லை. காபி வந்தது. சோறு வந்தது. எல்லாம் 'டொக்' என்று வந்தது. பத்திரிகை வைத்து முடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று. பொண்ணு மட்டும் வர மாட்டேன் என்கிறாள்!

பொன்னம்பலத்துக்கு உள்ளபடியே பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தெய்வானை சண்டை போட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இப்படி ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. குழியை அழித்து ஒரு படம் காட்டினார். இரண்டு கோடு திரும்பப் போட்டு ஒரு படம் காட்டினார். அவள் சுவரைப் பார்த்தாள்.

பத்தாம் நாள் காலையில், ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றார். அவள் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"குருவே, ரெண்டு கோடு போட்டேன், மசியலை. நாலு போட்டேன், மசியலை. எத்தனை கோடு போட்டா அவ சமாதானம் ஆவா?"

தஸ்லிமா மானிட்டரை அணைத்தாள்.

"சார், அம்மா முகத்துல உங்களுக்குப் பிடிச்சது எது?"

"நெத்தியில பதினொரு கோடு. இடது கண்ணுக்குக் கீழ..."

"தப்பைக் கேட்கலை சார்."

கடைசி பெஞ்சில் ஒருவன் வகுத்தலில் விட்ட சைபரைக் கரும்பலகைப் பக்கம் நின்றுகொண்டே கண்டுபிடிப்பவர் பொன்னம்பலம். இந்தக் கேள்விக்கு முழித்தார். வெட்கமாகப் போய்விட்டது.

"டக்குனு தெரியலியேம்மா" என்றார். குருவே என்பதுகூட மறந்துபோயிற்று.

"வீட்டுக்குப் போங்க. அம்மாவுக்கு எதிர்ல உக்காந்து பாருங்க. நூறு பர்சென்ட்ல."

"எவ்வளவு நேரம்?"

"லோடு ஆகிற வரைக்கும்."

தெய்வானை கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. ஒரு கொத்து முடிந்தது. இன்னொரு கொத்தும் முடிந்தது. இவர் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன?"

பத்து நாளில் முதல் வார்த்தை.

"ஒண்ணுமில்ல. பார்க்கிறேன்."

"எதைத் திருத்தவாம்?"

"மவுஸ் கொண்டு வரலை. நீயே பாரு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அவள் கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். கல்யாணமான புதிதில், அதைப் பார்ப்பதற்காகவே இவர் அசட்டு ஜோக்காகச் சொல்லித் தள்ளியிருக்கிறார். அடக்கடவுளே, இதையா மறந்திருந்தோம்!

"தெய்வானை, நான் செஞ்சது தப்பு."

கீரை கையிலிருந்து நழுவியது.

"என்ன சொன்னீங்க?"

"தப்புன்னேன்."

"இருங்க, இன்னொரு தடவை சொல்லலாம். தங்கச்சிக்கு போன் போட்டுக்கிடுதேன்."

மறுநாள் அவளே ஸ்டூடியோவுக்குக் கிளம்பி வந்தாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அவருக்கு நாலடி முன்னால் நடந்து வந்தாள்.

"இந்தாம்மா, படம் எடு. ஆனா நான் பக்கத்துல நிக்காம என் மூஞ்சியில ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று தஸ்லிமாவிடம் சொன்னாள். "மணைக்கு வாரதா வேண்டாமாங்கிறதை அதுக்கப்புறம் சொல்லுதேன்."

இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தாள் தஸ்லிமா. இரண்டு பேரும் ரேஷன் கார்டுக்குப் படம் எடுப்பதுபோல விறைப்பாக இருந்தார்கள். எட்டுப் படம் எடுத்தும் ஒன்றும் தேறவில்லை.

பொன்னம்பலம் மெல்லக் குனிந்து மனைவி காதில் என்னமோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது.

"சீ! வயசென்ன ஆகுது!"

பிளாஷ் அடித்தது.

படம் திரையில் வந்தது. அதைப் போலத் தப்பான படத்தை அந்த ஸ்டூடியோ பார்த்திருக்காது. தெய்வானை இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். கடைவாயில் கட்டின பல் தெரிகிறது. அவரை அடிக்க ஓங்கின கை கலங்கலாக விழுந்திருக்கிறது. நெற்றிக் கோடு பதினொன்றோடு நிற்கவில்லை, கூடிவிட்டது. பொன்னம்பலமோ கேமராவையே பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காது மயிர் வெளிச்சத்தில் ஜொலிக்கிறது.

"ஐயய்யே!" என்று தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதையா வாசல்ல வைப்பீங்க?"

"வெச்சா மணைக்கு வருவியா?"

"முதல்ல வெச்சுக் காட்டுங்க. அப்புறம் பார்ப்போம்."

பொன்னம்பலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். தெய்வானை படத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை ஓரத்தில் இருந்த டூல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் போயிற்று. அழிக்கிறது, ஒட்டுகிறது, இழுக்கிறது, வெளுக்கிறது. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. அவர் தேடினது கிடைக்கவில்லை.

"குருவே" என்றார், திரும்பாமலே. "இதை இப்படியே விடறதுக்கு எந்த டூலு?"

"பிரிண்ட், சார்."